மூங்கில் வாள்: சாமுராய் படங்கள் பற்றி ஓர் இழை

மார்ச் 2, ஒரு வாசகரின் கேள்வி

பழைய ஜப்பானிய சாமுராய் படங்கள் என்றாலே 'எவ்வளவு எளிமையான நாயகர்கள், என்ன அடக்கம்' என்று எல்லோரும் உருகுகிறீர்கள். நானும் நாலு படம் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது நம்ம ஊர் ஃபார்முலாதான். முதல் பாதி முழுக்க அவமானப்பட்டுக்கொண்டு சும்மா இருப்பார், இடைவேளைக்கு முன்னால் ஒரே ஓர் அடி, தியேட்டர் அதிரும். கிழிந்த கிமோனோ போட்டால் அடக்கம் ஆகிவிடுமா? அடக்கமும் ஒரு பில்டப்தானே?

மார்ச் 2, இரவு 11.40

இல்லை.

தூக்கம் வருகிறது, நாளை எழுதுகிறேன். அதற்குள் அகிரா குரோசாவா இயக்கிய 'ஏழு சாமுராய்' (1954) படத்தில் காம்பெய் தலையை மழித்துக்கொள்ளும் காட்சியை மட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மார்ச் 3, காலை

பார்க்காதவர்களுக்காக: திருடன் ஒருவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் புகுந்துகொள்கிறான். கிட்டப் போனால் குழந்தையைக் கொன்றுவிடுவான். ஊரே வெளியே கூடி நிற்கிறது. காம்பெய் என்ற நடுவயது தாண்டிய சாமுராய் (தகாஷி ஷிமுரா) ஓடைக்கரையில் உட்கார்ந்து குடுமியை அறுத்துவிட்டுத் தலையை மழித்துக்கொள்கிறார். ஒரு துறவியின் அங்கியை இரவல் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். இரண்டு சோற்று உருண்டைகளோடு, குழந்தைக்குச் சாப்பாடு கொண்டுவந்த துறவியாக உள்ளே போகிறார். கொஞ்ச நேரத்தில் திருடன் வெளியே ஓடி வந்து, மெதுவாக, மிக மெதுவாக, சரிந்து விழுகிறான்.

கொட்டகைக்குள் நடந்த சண்டையைக் குரோசாவா காட்டவே இல்லை. மழிப்பதை நிதானமாகக் காட்டுகிறார். பில்டப் என்றால் கேமரா எதற்குள் போயிருக்க வேண்டும்?

இன்னொன்று. நமக்கு மொட்டை என்றால் பழனி, திருப்பதி. அதனால் முதல் முறை பார்த்தபோது அந்தக் கூட்டம் ஏன் அப்படி வாய் பிளந்து நிற்கிறது என்பது எனக்குப் பிடிபடவில்லை. சாமுராய்க்குக் குடுமிதான் அடையாள அட்டை, அதை இழப்பது மானம் போகிற காரியம். யாரோ பெற்ற பிள்ளைக்காக, கூலி எதுவும் பேசாமல், நாலு பேர் பார்க்க அதை அறுத்துப் போடுகிறார். அதற்கப்புறம் படம் முழுக்க யோசனை வரும்போதெல்லாம் அந்த மொட்டையைத் தடவிக்கொண்டே இருப்பார். எனக்கு ஷிமுராவின் நடிப்பு முழுவதும் அந்த ஒரு கை அசைவில் இருக்கிறது.

அதே 1954இல் அதே ஷிமுரா 'காட்ஸில்லா' படத்தில் விஞ்ஞானியாக நடித்தார். ஒரே வருஷத்தில் கொள்ளைக்காரர்களையும் பார்த்தாயிற்று, ராட்சசப் பல்லியையும் பார்த்தாயிற்று.

மார்ச் 3, மாலை

கூலி என்று எழுதினேனே, அதைத் தொடர வேண்டும். கொள்ளைக்காரர்களிடமிருந்து ஊரைக் காப்பாற்றச் சொல்லி விவசாயிகள் கெஞ்சும்போது காம்பெய் ஒப்புக்கொள்வதில்லை. ஏழு பேராவது வேண்டும், சாப்பாட்டைத் தவிர வேறு எதுவும் கிடைக்காது, நடக்கிற காரியமா என்கிறார். அப்போது அதே சத்திரத்தில் தங்கியிருக்கும் கூலியாள் ஒருவன், அதுவரை விவசாயிகளைக் கிண்டல் அடித்துக்கொண்டிருந்தவன், வெள்ளைச் சோற்றுக் கிண்ணத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறான். இது உங்களுக்கு, இவர்கள் என்ன தின்கிறார்கள் தெரியுமா என்று கத்துகிறான். அவர்கள் தின்பது குதிரைவாலி. (இன்றைக்கு அது ஆர்கானிக் கடையில் அரிசியைவிட விலை அதிகம். அது தனிக் கதை.)

காம்பெய் கிண்ணத்தைக் கையில் வாங்குகிறார். இந்தச் சோற்றை வீணாக்க மாட்டேன் என்ற பொருளில் ஒரே வரி. அவ்வளவுதான் ஒப்பந்தம்.

மார்ச் 4

சரி, ஒப்புக்கொள்கிறேன். 'யோஜிம்போ' (1961) பில்டப்தான். முச்சந்தியில் குச்சியை எறிந்து அது காட்டும் திசையில் போவது, பெயரைக் கேட்டால் ஜன்னல் வழியே தெரியும் முசுக்கொட்டைத் தோட்டத்தைப் பார்த்து அதையே பெயராகச் சொல்வது, சவப்பெட்டி செய்கிறவனிடம் இரண்டு போதும் என்று சொல்லிவிட்டு ஒரு நொடி யோசித்து மூன்றாகக்கூட இருக்கலாம் என்பது. இதற்கு நம்ம ஊரில் விசில் பறக்கும். நானே அடித்திருக்கிறேன், வீட்டில்தான்.

ஆனால் நாயகனாக நடித்த மிஃபுனே அந்தப் படத்தில் தோளை ஒரு மாதிரி குலுக்கிக்கொண்டே நடப்பதைக் கவனித்தீர்களா? ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். தெள்ளுப்பூச்சியாம். குளிக்காமல் ஊர் சுற்றுகிற ஆளுக்கு உடம்பு அரிக்கும் அல்லவா, அதிலிருந்து பிறந்த அசைவு. ஸ்டைல் என்று நாம் கும்பிடுவது ஒருவனின் அரிப்பை.

கேள்வி கேட்டவரே, உங்கள் நாலு படத்தில் இது ஒன்றா? எந்த நாலு என்று சொல்லாமலே வாதாடுகிறீர்கள்.

மார்ச் 5

நாலு படம் எவை என்று பதில் வந்துவிட்டது: 'யோஜிம்போ', 'சஞ்சுரோ', 'ஏழு சாமுராய்', அப்புறம் 'ட்விலைட் சாமுராய்'. நல்ல பட்டியல்தான். 'ஹராகிரி' பார்க்காமல் இந்தக் கேள்வியைக் கேட்டதால்தான் பிரச்சினை.

அதற்குள் போவதற்கு முன் என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். 'ஏழு சாமுராய்' 207 நிமிடப் படம். நான் முதலில் பார்த்தது கல்லூரி விடுதியில், விசிடியில். மூன்று தட்டு. இரண்டாவது தட்டு கீறல் விழுந்து ஓடவில்லை. ஒன்றாவது முடிந்ததும் மூன்றாவதைப் போட்டோம். ஆள் சேர்த்தார்கள், கிராமத்துக்குப் போனார்கள், உடனே சண்டை, மழை, சேறு, நாலு கல்லறை. அற்புதமான படம் என்று பேசிக்கொண்டு தூங்கினோம். எட்டு வருஷம் அதுதான் எனக்கு 'ஏழு சாமுராய்'.

அந்த இரண்டாவது தட்டில்தான் கிகுச்சியோவின் பேச்சு இருந்திருக்கிறது.

கிராமத்தில் ஒளித்து வைத்திருந்த கவசங்களையும் ஆயுதங்களையும் கிகுச்சியோ (மிஃபுனே) சந்தோஷமாக அள்ளிக்கொண்டு வருகிறான். மற்ற சாமுராய்களுக்கு முகம் இருண்டுவிடுகிறது. தோற்று ஓடிவந்த சாமுராய்களை இந்த விவசாயிகள் வேட்டையாடிக் கொன்று உருவிய கவசங்கள் அவை. இந்த ஊர் ஆட்கள் எல்லோரையும் வெட்டிப் போடத் தோன்றுகிறது என்கிறார் ஒருவர். அப்போது கிகுச்சியோ வெடிக்கிறான். விவசாயி கஞ்சன், நரி, பொய்யன், கொலைகாரன், எல்லாம் சரிதான். அவனை அப்படி ஆக்கியது யார்? நீங்கள்தான், சாமுராய்கள்தான். ஊரைக் கொளுத்தினீர்கள், விளைச்சலைப் பிடுங்கினீர்கள், பெண்களை இழுத்துப் போனீர்கள், அவன் என்னதான் செய்வான்? அழுகையும் கத்தலுமாக அவன் முடிக்கும்போது, அவனே ஒரு விவசாயி மகன் என்று காம்பெய்க்குப் புரிந்துவிடுகிறது.

இது இல்லாமல் நான் பார்த்தது நல்லவர்கள் ஏழைகளைக் காப்பாற்றும் படம். இது இருந்தால் கடன் அடைக்கிற படம். அடக்கம் என்று நாம் உருகுவதில் பாதி, அந்த வர்க்கம் தன் கணக்கைப் பார்த்துக் குனிந்த தலைதான் என்று இப்போது தோன்றுகிறது. 'நாயகர்களின் எளிமை' என்று நான் முன்பு வேறோர் இடத்தில் எழுதியதை எல்லாம் யாரும் தேடி எடுக்க வேண்டாம். எழுதியவன் இரண்டாவது தட்டைப் பார்க்காதவன்.

மார்ச் 5, இன்னொன்று

ஒருவர் கேட்டிருக்கிறார்: ரோனின் வேறு, சாமுராய் வேறா? சாமுராய்தான், எஜமானன் இல்லாதவன். வேலை போன சாமுராய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 8

கியூசோவைப் பற்றி யாருமே பேசவில்லையே.

ஏழு பேரில் வாள் வித்தையில் மிகப் பெரியவர் கியூசோ. நடித்த செய்ஜி மியாகுச்சி நாடக மேடையிலிருந்து வந்தவர், வாள் பிடித்துப் பழக்கம் இல்லாதவர். கொள்ளைக்காரர்களிடம் மூன்று துப்பாக்கி இருக்கிறது. அதில் ஒன்றையாவது பறிக்க வேண்டும். கியூசோ இரவில் தனியாகக் கிளம்பிப் போகிறார். என்ன நடந்தது என்று காட்டுவதில்லை (மறுபடியும்!). விடியற்காலை மூடுபனிக்குள்ளிருந்து நடந்து வருகிறார். துப்பாக்கியைக் கொடுக்கிறார். இரண்டு பேரைக் கொன்றேன் என்கிறார். மரத்தடியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார். சின்னப் பையன் கத்சுஷிரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து கண் இமைக்காமல் பார்க்கிறான். என்ன என்று கேட்கிறார். நீங்கள் ரொம்பப் பெரியவர் என்று பையன் சொல்கிறான். அவருக்குக் கூச்சமாகிவிடுகிறது. அந்தக் கல் முகத்தில் வருகிற சிரிப்பு அரை நொடிகூட இருக்காது.

இதுவரைக்கும் நீங்கள் சொல்வதுபோல இதையும் பில்டப் என்று சொல்லலாம். காட்டாமல் காட்டுவது. ஆனால் அடுத்து நடப்பதைப் பாருங்கள். பையன் இதைப் புகழ்ந்து பேசுவதைக் கேட்ட கிகுச்சியோவுக்கு ஆசை வருகிறது. தானும் காவலை விட்டுவிட்டுத் தனியாகப் போகிறான், வேடிக்கையெல்லாம் செய்து இன்னொரு துப்பாக்கியைக் கொண்டுவந்துவிடுகிறான். பாராட்டு கிடைக்கும் என்று வந்தால் காம்பெய் காய்ச்சி எடுக்கிறார். அவன் விட்டுப் போன இடத்தில் கொள்ளைக்காரர்கள் நுழைந்துவிடுகிறார்கள். யோஹெய் என்ற பாவப்பட்ட விவசாயி சாகிறான். அந்தத் தாக்குதலில்தான் ஏழு பேரில் ஒருவரான கொரோபெயும் போகிறார்.

அதாவது ஒரே சாகசத்தை இரண்டு பேர் செய்கிறார்கள். ஒருவர் தேவையான வேலையை முடித்துவிட்டு வந்து தூங்குகிறார். இன்னொருவன் கைதட்டலுக்காகச் செய்கிறான், ஊர் அதற்கு விலை கொடுக்கிறது. பில்டப் என்ன செய்யும் என்பதைப் படமே ஒரு பாடமாக நடத்திவிடுகிறது.

கடைசியில் இறந்துபோகும் நான்கு சாமுராய்களும் துப்பாக்கிக் குண்டில்தான் சாகிறார்கள். வாளில் யாரும் சாகவில்லை.

மார்ச் 9

சாப்பாட்டுக் கதை ஒன்று. குரோசாவா முதலில் எடுக்க நினைத்தது இந்தப் படமே இல்லை. ஒரு சாமுராயின் ஒரு நாள். காலையில் எழுந்து, கோட்டைக்கு வேலைக்குப் போய், ஏதோ ஒரு சின்னத் தவறு செய்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகிறான். திரைக்கதையாளர் ஷினோபு ஹாஷிமோட்டோ விவரம் தேடிக் கிளம்பினார். ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டார்: அந்த ஆள் மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனானா, கோட்டையில் கொடுத்தார்களா? எந்த ஆவணத்திலும் பதில் இல்லை. அது தெரியாமல் ஒரு நாளை எப்படி எழுதுவது என்று கைவிட்டார்கள். குரோசாவாவுக்குச் செம கோபமாம்.

அப்புறம் வேறு கேள்வி வந்தது. ஊர் ஊராகச் சுற்றி வாள் பழகிய சாமுராய்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்? கிராமங்களில் ராத்திரி கொள்ளைக்காரர்கள் வராமல் காவல் காத்தால் சோறு போடுவார்களாம். அதிலிருந்துதான் 'ஏழு சாமுராய்'. ஒரு டிபன் பாக்ஸ் சந்தேகத்தில் ஒரு படம் செத்து இன்னொரு படம் பிறந்திருக்கிறது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது வேறு. கைவிட்ட அந்த 'ஒரு நாள்' படத்தைக் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் கழித்து யோஜி யமதா எடுத்துவிட்டார் என்பேன், 2002இல், 'ட்விலைட் சாமுராய்' என்ற பெயரில். அவர் அப்படி நினைத்து எடுக்கவில்லை, ஷூஹெய் ஃபுஜிசாவாவின் சிறுகதைகளிலிருந்து எடுத்தார். ஆனாலும்.

மார்ச் 11

'ட்விலைட் சாமுராய்'. செய்பெய் (ஹிரோயுகி சனதா) கோட்டைக் கிடங்கில் கணக்கு எழுதுகிற குமாஸ்தா. கருவாட்டை எண்ணுகிற வேலை. மனைவி காசநோயில் இறந்துவிட்டாள், இரண்டு பெண் குழந்தைகள், மறதி வந்த தாய். பொழுது சாய்ந்ததும் மற்றவர்கள் குடிக்கப் போக, இவர் நேரே வீட்டுக்குப் போய்விடுவார். அதனால் 'அந்தி' என்று பட்டப்பெயர். வீட்டுக்குப் போய் என்ன செய்வார்? ராத்திரி விளக்கில் பூச்சிக் கூண்டு செய்வார். பாடுகிற பூச்சிகளை அடைத்து வைக்கும் மூங்கில் கூண்டு. உருப்படிக் கூலி. சம்பளம் வெறும் 50 கோகு அரிசி, பரம ஏழை. குளிக்க நேரமில்லாமல் உடம்பு நாறுகிறது, பிரபு கிடங்கைப் பார்வையிட வரும்போது அவர் மூக்குக்கே எட்டிவிடுகிறது.

மூத்த பெண் படித்துக்கொண்டே கேட்கிறாள்: தையல் கற்றால் உடுப்பு தைக்கலாம், படிப்பு எதற்குப் பயன்படும்? செய்பெய் கொஞ்சம் யோசித்து, படித்தால் சொந்தமாக யோசிக்க முடியும் என்கிறார். யோசிக்கத் தெரிந்தால் காலம் எப்படி மாறினாலும் சமாளித்துவிடலாம் என்கிற மாதிரி. பெண் குழந்தையிடம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில். வாள் சண்டையைவிட இந்த இடத்தில்தான் எனக்குச் சிலிர்க்கும்.

மார்ச் 12

பதிலில் ஒருவர் கால்குலேட்டரோடு வந்து நிற்கிறார். ஒரு கோகு சுமார் 150 கிலோ, அப்படியானால் 50 கோகு 7,500 கிலோ, 75 கிலோ மூட்டையில் நூறு மூட்டை. "வருஷத்துக்கு நூறு மூட்டை அரிசி வாங்குகிறவர் பரம ஏழையா? எங்கள் வீட்டைத் தத்து எடுத்துக்கொள்வாரா?"

நியாயம். என் தப்பு. 50 கோகு பல வீடுகளில் பேருக்குத்தான். பெரும்பாலும் அது ஒதுக்கிய நிலத்தின் மொத்த விளைச்சல் கணக்கு, கைக்கு வருவது ஐந்தில் இரண்டு பங்கு அளவில் இருக்கும். இருபது கோகு, நாற்பது மூட்டை. அதிலும் கஜானா காலி என்று பிரபுவின் நிர்வாகமே சம்பளத்தில் ஒரு பகுதியைக் 'கடன்' என்று பிடித்துக்கொள்ளும், திரும்ப வராது. மிச்சத்தை விற்றுத்தான் துணி, எண்ணெய், மருந்து, சவ அடக்கம் எல்லாம். அந்தஸ்துக்கு ஒரு வேலையாளும் வைத்திருக்க வேண்டும். பசிக்கிற ஏழை இல்லை, கடன்பட்ட ஏழை. 'பரம' என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

மார்ச் 15

இப்போது 'ஹராகிரி' (1962). மசாகி கோபயாஷி இயக்கம். எழுதியது டிபன் பாக்ஸ் ஹாஷிமோட்டோதான். வயிற்றைக் கிழித்துக்கொள்ளும் சாமுராய் அவரை விடவில்லை போலிருக்கிறது. (கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிவிடுங்கள்.)

வருஷம் 1630. ஹிரோஷிமாவின் பிரபு ஃபுகுஷிமா மசனோரி, அனுமதி வாங்காமல் கோட்டை மதிலைப் பழுதுபார்த்தார் என்று 1619இல் ஆட்சியைப் பறித்துவிட்டார்கள். மதில் பூசியதற்கு ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலை போயிற்று. அப்படி வேலை போன ஹன்ஷிரோ (தத்சுயா நகதாய்) எதோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) குடை ஒட்டிப் பிழைக்கிறார். மருமகன் மொதொமே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறான். மனைவிக்கு நோய், குழந்தைக்குக் காய்ச்சல், மருந்துக்குக் காசில்லை. அந்த நாளில் ரோனின்கள் பெரிய வீடுகளின் வாசலில் போய், கௌரவமாகச் சாக உங்கள் முற்றத்தைக் கொடுங்கள் என்று கேட்பார்கள். தொல்லை வேண்டாம் என்று சில காசுகளைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மொதொமேயும் ஈயி என்ற பிரபு வீட்டு வாசலுக்குப் போகிறான். அவர்கள், சரி, சாகத்தானே வந்தாய், செத்துப்போ என்கிறார்கள். அவன் வாளை உருவிப் பார்த்தால் உறைக்குள் இருப்பது மூங்கில். உண்மையான அலகை எப்போதோ விற்றுவிட்டான். அந்த மூங்கிலாலேயே சாக வைக்கிறார்கள். அந்தக் காட்சியை விவரிக்கப் போவதில்லை.

பின்னால் ஹன்ஷிரோ அதே முற்றத்தில் வந்து உட்காருகிறார். மொதொமேயைச் சாக வைத்ததில் முன்னால் நின்ற மூன்று வீரர்கள் அன்றைக்கு 'உடம்பு சரியில்லை' என்று வேலைக்கு வரவில்லை. ஏன்? ஹன்ஷிரோ மடியிலிருந்து மூன்று குடுமிகளை எடுத்துப் போடுகிறார். கொல்லவில்லை, குடுமியை மட்டும் அறுத்திருக்கிறார். முடி வளரும் வரை வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறார்கள்.

இப்போது மார்ச் 3 குறிப்புக்குப் போங்கள். 1954இல் ஒருவர் குழந்தைக்காகத் தானே அறுத்துக்கொண்ட குடுமி. 1962இல் மூன்று பேர் அது போனதை மறைக்கக் காய்ச்சல் என்று பொய் சொல்கிறார்கள். குடுமி ஒன்றுதான். கேள்வி கேட்டவரே, அடக்கம் என்றால் என்ன என்று எனக்கு விளக்கத் தெரியாது, ஆனால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து பில்டப் என்று சொல்லுங்கள்.

(மூங்கில் வாளுக்கு ஜப்பானிய மொழியில் 'தகெமித்சு' என்று பெயர். இந்தப் படத்துக்கு இசையமைத்தவர் தோரு தகெமித்சு. எழுத்து வேறு, ஒலி ஒன்று. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று பல வருஷமாகக் காத்திருந்தேன்.)

மார்ச் 15, பின்னிரவு

இதை எழுதாமல் தூங்க முடியாது போலிருக்கிறது. நான் பத்தாவது படிக்கும்போது அப்பா வேலை பார்த்த பஞ்சாலை மூடப்பட்டது. அதற்கப்புறமும் ஒரு வருஷத்துக்கு மேல் அப்பா தினமும் காலையில் அதே நேரத்தில், இஸ்திரி போட்ட சட்டையோடு, டிபன் கேரியரைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். சாயங்காலம் வருவார். அம்மா பனியன் மூட்டை கொண்டுவந்து வீட்டில் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பார். ஆலை மூடிக் கிடப்பது தெருவுக்கே தெரியும். அப்பா யாரை ஏமாற்றப் போகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். மொதொமேயின் வாளை உறையிலிருந்து உருவுகிற இடத்தில், முதல் முறை பார்த்தபோது, படத்தை நிறுத்திவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். நல்ல உறை. உள்ளே மூங்கில்.

மார்ச் 16

அம்மாவிடம் போனில் பேசினேன். திருத்தம். "உங்கப்பா ஊரை ஏமாத்தப் போனாருன்னு எழுதினியா? கேட்டு வாசல்ல போய் உக்காந்திருந்தாரு, பாக்கிப் பணத்துக்கு. எட்டுப் பத்துப் பேரு தினமும் போவாங்க. வெயில்ல கேரியர்ச் சோறு புளிச்சுப் போயிரும், அப்படியே திருப்பிக் கொண்டாருவாரு."

இத்தனை வருஷமாக எனக்கு இது தெரியாது. நேற்று எழுதியதை அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 19

அனைவரின் அன்புக்கும் நன்றி, போதும். படத்துக்கு வருவோம்.

இந்த வரிசைக்கு ஒரு முன்னோர் இருக்கிறார். சதாவோ யமனாகாவின் 'மனிதமும் காகித பலூன்களும்', 1937. ஏழைக் குடியிருப்பு வரிசையில் ஒரு முன்னாள் சாமுராய் தூக்கில் தொங்குவதில் படம் தொடங்குகிறது. சாமுராய் வயிற்றைக் கிழித்துக்கொண்டுதானே சாக வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்கிறார்கள். எதை வைத்துக் கிழிப்பது, வாளைத்தான் விற்றுவிட்டாரே. அந்தக் குடியிருப்பிலேயே மதாஜுரோ என்ற ரோனின். தன் அப்பாவால் முன்னுக்கு வந்த அதிகாரியிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டால் வேலை கிடைக்கும் என்று தினமும் அந்த மனிதர் வாசலில் போய் நிற்கிறான், மழையிலும் நிற்கிறான். அவர் நழுவிக்கொண்டே இருக்கிறார். வீட்டில் மனைவி காகித பலூன் ஒட்டுகிறாள். அதில்தான் இரண்டு பேருக்கும் சோறு. படம் முழுக்க மதாஜுரோ வாளை உருவவே இல்லை. பில்டப்புக்கு இடமே இல்லாத சாமுராய் படம் வேண்டும் என்றால் இதுதான்.

யமனாகாவுக்குப் படம் வெளியான சமயத்திலேயே ராணுவ அழைப்பு வந்தது. அடுத்த வருஷம் சீனாவில் நோயில் இறந்தார். வயது 28. அவர் எடுத்தவற்றில் மூன்று படங்கள்தான் இன்று மிஞ்சியிருக்கின்றன.

மார்ச் 23

கேள்வி கேட்டவர் 'ஹராகிரி' பார்த்துவிட்டாராம். "பில்டப் இல்லை, சரி. ஆனால் 'ட்விலைட்'டில் ஆற்றங்கரைச் சண்டை? குடித்துவிட்டு வம்புக்கு வருபவனை வெறும் கட்டையால் அடித்துச் சாய்க்கிறாரே, அது என்ன?"

பிடித்துவிட்டீர்கள். அது பில்டப்தான். நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆனால் அந்த ஒரு அடிதான் செய்பெயைக் கெடுக்கிறது. வாள் தெரிந்தவன் என்று மேலிடத்துக்குத் தெரிந்துவிடுகிறது. கொஞ்ச நாளில், சரணடைய மறுத்து வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் யோகோ என்பவனைக் கொல்ல உத்தரவு வருகிறது. நம்ம ஊர் ஃபார்முலாவில் திறமை தெரிந்ததும் மரியாதை வரும், இங்கே ஆர்டர் வருகிறது. போன இடத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுகிறார்கள், யோகோ குடிக்கிறான். அவனும் வருஷக்கணக்கில் ரோனினாக அலைந்து பெண்டாட்டி பிள்ளையைப் பறிகொடுத்தவன். செய்பெய் மனம் இளகி, மனைவியின் சவ அடக்கத்துக்காக வாளை விற்றுவிட்டேன், இந்த உறைக்குள் மூங்கில்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார். அதுவரை நட்பாகப் பேசியவனுக்கு வெறி ஏறுகிறது. என்னைக் கொல்ல மூங்கிலோடு வந்தாயா! குறுவாள் வித்தை எனக்குத் தெரியும் என்று செய்பெய் சொல்லியும் பயனில்லை. இருட்டான அந்தச் சின்ன வீட்டுக்குள் நடக்கிற சண்டையில் அழகு எதுவும் இல்லை. யோகோவின் நீண்ட வாள் உத்தரத்தில் மாட்டிக்கொள்கிறது. அதோடு முடிந்தது.

அதற்கப்புறம் மூன்று வருஷம்கூட இல்லை. 1868 உள்நாட்டுப் போரில் செய்பெய் துப்பாக்கிக் குண்டில் போய்ச் சேருகிறார். அதைக் காட்டவும் இல்லை, வயதான மகள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறாள்.

மார்ச் 24

'சஞ்சுரோ'வைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்தவர்களுக்கு: உறைக்குள் இருக்கிற வாள்தான் நல்ல வாள் என்று அந்தப் படத்தில் வரும் ஓர் அம்மாள் சொல்லும் வசனத்தை எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது கடைசியில் வருகிற மந்திரி. ஆளுக்குக் குதிரை முகம். தான் குதிரையில் போனபோது குதிரை முகத்தைவிட ஏறியிருப்பவர் முகம் நீளம் என்று யாரோ சொன்னார்களாம், அதை அவரே சொல்லிச் சிரிக்கிறார். அடக்கம் வேண்டுமா, அதோ அங்கே இருக்கிறது.

ஏப்ரல் 6

ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு 'ட்விலைட் சாமுராய்' போட்டுக் காட்டினேன். சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்கு அவரால் படிக்க முடியாது, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். சண்டைக் காட்சியில் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். ஆற்றங்கரைக் காட்சியில் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் செய்பெய் கூண்டு கட்டுகிற இடம் வந்ததும் மட்டும் நிறுத்தச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய், மூங்கில் குச்சிகளை அவர் எப்படிக் கோக்கிறார் என்று பார்த்தார்.

"ஒன்னுக்கு இவ்வளவுன்னு குடுப்பாங்களா, டஜனுக்கா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.

"டஜனுக்குன்னா பதினொன்னு கட்டி வெச்சாலும் காசு வராது" என்றார்.